வீட்டுக்கு ஒரு ஸ்கேனர்: வாங்குமுன் அறிய வேண்டியவை

கடலோரத்திற் குடியிருப்போரின் வீட்டுக் காகிதங்களுக்குப் பகைவர் பலர். உப்புக் காற்றும் மாரிகாலத்து ஈரமும் தாளைப் பழுதாக்கிப் பூஞ்சணத்தைப் படரவிடுகின்றன. கறையானும் இராமபாணப் பூச்சியும் எஞ்சியதைத் தின்றுவிடுகின்றன. இவை மெல்ல மெல்ல அழிப்பன. ஒரே காலைப் பொழுதில் அழிந்ததும் உண்டு. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி எழுந்த ஆழிப்பேரலை, இலங்கையில் மிகக் கூடுதலான உயிர்களைக் கொண்டு சென்றது அம்பாறை மாவட்டத்திலேதான். பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் இம்மாவட்டத்தில் மாண்டனர். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் ஆகிய ஊர்களின் கரையோர வீடுகள் அடியோடு அழிந்தன. உயிரிழப்பின் முன்னே காகித இழப்பைப் பெரிதாகப் பேசுதல் தகாது. எனினும், உயிர் தப்பியோர் பட்ட அல்லல்களில் ஒன்று, தாம் இன்னார் என்பதற்கும், இக்காணி தம்முடையது என்பதற்கும், இன்ன பரீட்சையிற் சித்தியெய்தினோம் என்பதற்கும் ஒரு துண்டுத் தாளேனும் கையில் இல்லாமற் போனமையாகும். மாண்டவரின் முகத்தைப் பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு படமேனும் மிஞ்சாத குடும்பங்களும் உள.

ஒரு பொருள் ஒரே பிரதியாக, ஒரே அலுமாரியில் இருப்பதே ஆபத்தின் வேர். அதனைப் பல பிரதிகளாக்கிப் பல இடங்களில் வைத்தற்கு இன்று எளிய வழி ஒன்றுண்டு. தாளைக் கண்ணாடியின்மேற் கவிழ்த்து வைத்து அதன் உருவைக் கணினிக்குள் ஏற்றும் தட்டை ஸ்கேனரே அவ்வழி. அதனை லினக்ஸ் இயங்கும் கணினியுடன் இணைத்துப் பயன்படுத்துவது எவ்வாறு, எத்தகையதைத் தெரிந்தெடுப்பது என்னும் வினாக்களை இவ்வாரம் எடுத்துக்கொள்வோம்.

தொடங்குமுன் ஒன்று கூறிவைத்தல் வேண்டும். ஸ்கேன் செய்த படம் சட்டத்தின் முன் மூலப் பத்திரத்துக்கு ஈடாகாது. ஆயினும், பிறப்புச் சான்றிதழின் பதிவு இலக்கமும் திகதியும், பதிவாளர் பிரிவும், காணி உறுதியின் இலக்கமும், அதனை நிறைவேற்றிய நொத்தாரிசின் பெயரும் கையில் இருப்பின், உறுதிப்படுத்திய பிரதியைத் திரும்பப் பெறுதல் எளிது. அவை இல்லாவிடின் பதிவேடுகளைத் தேடுவதிலேயே நாட்கள் கழிந்துவிடும்.

கைப்பேசி போதாதா?

கைப்பேசியிற் படம் எடுத்தாற் போதாதா என்று சிலர் கேட்பர். வகுப்பிற் கொடுத்த குறிப்பொன்றை நண்பருக்கு அனுப்புதற்கு அது போதும். ஆனால், கையிற் பிடித்து எடுக்கும் படத்தில் ஓரம் சரியும். ஒரு பக்கம் ஒளியும் மறுபக்கம் நிழலும் விழும். பளபளப்பான பழைய புகைப்படமாயின் மின்விளக்கின் ஒளி அதன்மேல் வெண்புள்ளியாகத் தோன்றும். ஸ்கேனரிலோ தாள் அசைவதில்லை, ஒளி எங்கும் ஒரே அளவாகப் படுகிறது, அளவும் பிசகுவதில்லை. ஓரிரு தாள்கள்தாம் வேலையெனில், சந்தியிலுள்ள கொமியூனிகேஷன் கடையிற் கொடுத்துச் செய்வித்துக்கொள்ளலாம். ஒரு குடும்பத்தின் இரு நூறு, முந்நூறு படங்களும் அந்தரங்கப் பத்திரங்களும் எனில், அவற்றைப் பிறர் கணினியில் ஏற்றுவதைவிட வீட்டிலிருந்தே செய்வது சிக்கனமும் பாதுகாப்புமாகும்.

லினக்ஸ் ஏன்?

விண்டோஸ் 10இற்கு மைக்ரோசொஃப்ட் அளித்துவந்த பொதுவான இலவச ஆதரவு 2025ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆந் திகதியுடன் முடிவுற்றது. அதன் பின்வந்த விண்டோஸ் 11 பழைய கணினிகள் பலவற்றை ஏற்பதில்லை. ஆகவே, நல்ல நிலையிலுள்ள கணினிகள் பல வீடுகளிற் கைவிடப்படும் நிலையில் உள்ளன. அவற்றில் லினக்ஸை நிறுவினால் மேலும் பல ஆண்டுகள் உழைக்கும். விலை கொடுக்க வேண்டியதுமில்லை. 2022ஆம் ஆண்டு நெருக்கடிக்குப் பின் கணினிப் பொருட்களின் விலை ஏறியதை அறிந்த பெற்றோருக்கு இது சிறு ஆறுதலன்று.

இத்தகைய கட்டற்ற மென்பொருள் நம் நாட்டுக்குப் புதியதுமன்று. ஆழிப்பேரலை வந்த சில நாட்களுக்குள், காணாமற் போனோரையும் நிவாரண முகாம்களையும் பதிந்து வைத்தற்பொருட்டு இலங்கைக் கணினித் தொண்டர்கள் கூடி ஒரு மென்பொருளை ஆக்கினர். 'நிவாரணம்' எனப் பொருள்படும் 'சஹானா' என்னும் சிங்களச் சொல்லை அதற்குப் பெயராக இட்டனர். அது பின்னர் பிற நாடுகளின் இடர்களிலும் பயன்பட்டது. கட்டற்ற மென்பொருள் நிறுவனத்தின் சமூக நன்மைக்கான 2006ஆம் ஆண்டு விருதையும் பெற்றது.

இஃது இவ்வாறாக, லினக்ஸில் ஸ்கேனர் வாங்குவோர் கவனிக்க வேண்டிய இடர் ஒன்றுண்டு. ஸ்கேனருடன் பெட்டியில் வரும் இயக்கி மென்பொருள் பெரும்பாலும் விண்டோஸுக்கும் மக்கின்டொஷுக்கும் உரியது, லினக்ஸில் இயங்காது. அக்குறையை நிறைப்பது 'ஸேன்' என்னும் திட்டம். 'இனி ஸ்கேனரை அணுகுதல் எளிது' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துக்களே அப்பெயர். 1990களின் நடுப்பகுதியில் தொடங்கிய இத்திட்டத்தில், உலகெங்குமுள்ள தொண்டர்கள் ஒவ்வொரு ஸ்கேனரின் உள் இயல்பையும் ஆராய்ந்து, அதனை இயக்கும் பகுதிகளை எழுதி வருகின்றனர். லினக்ஸ் வெளியீடுகள் பலவற்றில் ஸேன் ஏற்கெனவே அடங்கியுள்ளது. தனி இயக்கி எதனையும் தேடியலையாமல் செருகியவுடன் இயங்கும் ஸ்கேனர்கள் பல உள. செய்தவர்கள் கைவிட்ட பழைய ஸ்கேனருங்கூட லினக்ஸில் உயிர்பெற்று உழைப்பது இதனாலேதான்.

ஸேன் திட்டத்தார் ஒரு பட்டியல் வெளியிடுகின்றனர். ஒவ்வொரு மாதிரிக்கும் எதிரே 'முழுமை', 'நன்று', 'அடிப்படை', 'மிகக் குறைவு', 'ஆதரவில்லை' எனத் தரம் குறித்திருப்பர். வாங்குவோர் முதலிற் பார்க்க வேண்டியது இப்பட்டியலையே. முதலிரு தரத்தனவற்றை அஞ்சாது வாங்கலாம். அதற்குக் கீழ்ப்பட்டனவற்றை எவர் இலவசமாகத் தந்தாலும் யோசித்தே வாங்குக.

பட்டியலைப் பார்க்கையில் மாதிரி இலக்கத்தை எழுத்தெழுத்தாக ஒப்பிடுதல் இன்றியமையாதது. பெயர் ஒத்திருப்பினும் உள்ளேயுள்ள சில்லு வேறாயிருக்கலாம். உதாரணமாக, கெனன் லைட் 30, லைட் 35 ஆகிய இரண்டும் இலக்கத்தால் அயலவை. ஆயினும், முன்னதை ஸேனில் 'பிளஸ்டெக்' என்னும் பகுதியும், பின்னதை 'ஜெனிஸிஸ்' என்னும் பகுதியும் இயக்குகின்றன. அவ்விரண்டுக்கும் ஆதரவு உண்டாதலின் தீங்கில்லை. வேறு வரிசைகளில் அடுத்த இலக்கம் ஆதரவற்றதாகப் போய்விடுதல் உண்டு. 'அதே மாதிரிதான், சிறிது புதியது' என்று கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்பிப் பணம் கொடுத்தலாகாது.

இரு வகை

தட்டை ஸ்கேனர்கள் உள்ளமைப்பால் இரு வகைப்படும். ஒன்றில், கண்ணாடியின் கீழே தாளை ஒட்டியவாறு உணரிகளின் வரிசையொன்று நகர்ந்து செல்லும், அதனருகே எல்.இ.டி. விளக்குகள் இருக்கும். இதனை சி.ஐ.எஸ். வகை என்பர். மற்றையதில், விளக்கின் ஒளி தாளிற் பட்டுத் திரும்பி, கண்ணாடிகளாலும் வில்லையாலும் குறுக்கப்பட்டு ஓர் உணரியில் விழும். இது சி.சி.டி. வகை.

சி.ஐ.எஸ். வகை மெல்லியது, எடை குறைந்தது, விலையும் குறைந்தது. அவற்றுட் பல யூ.எஸ்.பி. வயர் வழியாகவே மின்சாரத்தையும் பெறுவன. சுவரிற் செருகத் தனி மின்வழங்கி வேண்டுவதில்லை. மின்சாரம் தடைப்படும் வேளையில் மடிக்கணினியின் மின்கலத்தைக் கொண்டே வேலையை முடிக்கலாம். இதன் குறை யாதெனில், கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருக்கும் பொருளே தெளிவாகத் தெரியும். சிறிது உயர்ந்தாலும் மங்கும். தடித்த நூலை விரித்துக் கவிழ்க்கும்போது நடுத்தையலை அண்டிய எழுத்துக்கள் கலங்குவது இதனாலேயே. சி.சி.டி. வகையில் அக்கலக்கம் குறைவு. ஆனால், அது தடித்தது. பெரும்பாலும் தனி மின்வழங்கி வேண்டுவது. மேசையில் அதிக இடம் கொள்வது.

தாள், சான்றிதழ், புகைப்படம் என்பனவே வேலையெனில் சி.ஐ.எஸ். வகை போதும். பழைய தடித்த நூல்கள் பலவற்றைப் பிரதிசெய்ய விழைவோர் சி.சி.டி. வகையை நாடுக. படச்சுருள்களை ஸ்கேன் செய்வதாயின், மூடியினுள்ளே தனி விளக்குடைய மாதிரி வேண்டும். எளிய ஸ்கேனரால் அது நன்கு நிறைவேறாது.

எதை வாங்கலாம்?

வீட்டுப் பயனுக்கு நாம் முதலிற் சொல்வது கெனன் கொம்பனியின் கெனோஸ்கேன் 'லைட்' வரிசையையே. எல்.இ.டி. ஒளியை மறைமுகமாகப் பாய்ச்சும் முறை என்பதன் சுருக்கமே அப்பெயர். லைட் 100, 110, 120, 200, 210, 220 ஆகியவை ஸேனின் ஜெனிஸிஸ் பகுதியால் இயங்குவன. இவை பழைய பொருட்கள் விற்கும் கடைகளிலும், அலுவலகங்கள் கழித்து விற்கும் பொருட்களிடையேயும் அகப்படலாம். புதியதாக வாங்குவோருக்கு லைட் 300, லைட் 400 ஆகியவை உள. இவ்விரண்டையும் இயக்குவது 'பிக்ஸ்மா' என்னும் பகுதி. 2020க்கு முந்திய லினக்ஸ் வெளியீடுகளில் இவை தெரியாமற் போகலாம். ஆகவே புதிய வெளியீட்டை நிறுவிக்கொள்க.

எப்சன் கொம்பனியின் பெர்ஃபெக்ஷன் வரிசையும் நற்பெயர் பெற்றதே. அவற்றுட் சிலவற்றுக்கு ஸேன் மட்டும் போதும். வி39 போன்றவற்றுக்கோ, 'எப்சன் ஸ்கேன் 2' என்னும் மென்பொருளை அக்கொம்பனியிடமிருந்து பெற்று நிறுவுதல் வேண்டும். அது லினக்ஸுக்கும் கிடைக்கிறது. ஆனால் மேலும் ஒரு படி வேலை.

அச்சும் ஸ்கேனும் சேர்ந்த இயந்திரம் வீட்டில் இருப்பின், புதிய ஸ்கேனருக்குப் பணம் செலவிடுமுன் அதனைச் சோதித்துப் பார்க்க. எச்.பி. இயந்திரங்கள் பலவற்றுக்கு அக்கொம்பனியே 'எச்.பி.லிப்' என்னும் மென்பொருளை லினக்ஸுக்கு அளித்துள்ளது. அண்மைக்கால இயந்திரங்களிற் பல, 'எயர்ஸ்கேன்' எனப்படும் பொதுமுறையைப் பேசுவன. அவை வைபை வழியாகவோ யூ.எஸ்.பி. வழியாகவோ தனி இயக்கி இன்றியே லினக்ஸுடன் ஒத்துழைக்கும். பெட்டியில் இக்குறிப்பு இருத்தல் நல்ல அடையாளம்.

கடையிலேயே சோதித்தல்

பட்டியல் ஒரு சான்று. கண்ணாற் காண்பது அதனினும் பெரிய சான்று. வாங்கச் செல்கையில், லினக்ஸ் மின்ட் போன்ற வெளியீடொன்றைப் பென் டிரைவ் ஒன்றில் எழுதிக்கொண்டு, வீட்டு மடிக்கணினியையும் உடன் எடுத்துச் செல்க. பென் டிரைவிலிருந்தே கணினியைத் தொடங்கினால், உள்ளேயிருக்கும் எதனையும் மாற்றாமல் லினக்ஸ் இயங்கும். ஸ்கேனரைச் செருகி, 'ஆவண ஸ்கேனர்' என்னும் எளிய செயலியைத் திறந்து, ஒரு தாளை வைத்துப் பார்க்க. பத்து நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும். கடைக்காரர் மறுத்தால், இயங்காவிடிற் திருப்பி எடுத்துக்கொள்வதாகப் பற்றுச்சீட்டில் எழுதித் தரும்படி கேட்க.

பழைய ஸ்கேனராயின் மேலும் மூன்று சோதனைகள் வேண்டும். முதலாவது, அதன் அடியிற் பூட்டு உண்டா என்று பார்க்க. கொண்டுசெல்லும்போது உணரி ஆடாதிருக்கப் பழைய மாதிரிகளில் அதனை வைத்திருப்பர். பூட்டைத் திறவாமல் இயக்கினால் இரைச்சலிட்டு நின்றுவிடும். கெட்டது என்று எண்ணிவிடுவோம். இரண்டாவது, வெற்று வெள்ளைத் தாளொன்றை ஸ்கேன் செய்க. படத்தில் நெடுங்கோடுகள் தோன்றின் உணரியோ கண்ணாடியோ பழுது. மூன்றாவது, கண்ணாடியின் உட்புறத்தில் நீராவியோ பூஞ்சணமோ படிந்துளதா என்று சாய்த்துப் பார்க்க. நம் கரையோரக் காற்றில் இது நிகழக்கூடியதே. உட்புறத்தைத் துடைத்தல் எளிதன்றாதலின் அத்தகையதை விட்டுவிடுதலே நன்று.

பெரிய இலக்கத்தில் மயங்கற்க

பெட்டியின்மேல் '4800 டி.பி.ஐ.' என்று பெரிதாக அச்சிட்டிருப்பர். ஓர் அங்குலத்தில் எத்தனை புள்ளிகள் என்பதே டி.பி.ஐ. எண் பெரிதாகப் பெரிதாக நன்மை கூடும் என்று எண்ணுதல் தவறு. ஏ4 தாள் ஒன்றை 300 டி.பி.ஐ.யில் எடுத்தால், அகலத்தில் 2480, நீளத்தில் 3508 புள்ளிகள் வரும். வண்ணத்தில், சுருக்காத நிலையில், அது ஏறத்தாழ 26 மெகாபைட். அதனையே 600இல் எடுத்தால் நான்கு மடங்காகி 104 மெகாபைட்டாகும். 4800இல் எடுக்க முயன்றாலோ ஆறு கிகாபைட்டைத் தாண்டும். வீட்டுக் கணினி திணறிப்போகும். தாளிலேயே இல்லாத நுட்பம் அதனால் வந்துவிடப் போவதுமில்லை.

ஆகவே கணக்கு எளிது. அச்சிட்ட தாளுக்கும் கையெழுத்துக்கும் 300, புகைப்படத்துக்கு 600, அடையாள அட்டைக்குரிய சிறு படத்தைப் பெரிதாக்க விழைந்தால் மட்டும் 1200. எளிய ஸ்கேனர் எதுவும் இவ்வளவுக்குப் போதும். இலக்கத்துக்காகக் கூடுதற் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

இன்னுமோர் அளவு கவனிக்கற்பாலது. எளிய ஸ்கேனர்களின் கண்ணாடி ஏ4 அளவினது. ஏறத்தாழ 297 மில்லிமீற்றர் நீளம். நம் வீடுகளிலுள்ள பழைய உறுதிகளோ ஃபுல்ஸ்கப் போன்ற நீண்ட தாள்களில் எழுதப்பட்டவை. 13 அங்குலம், அதாவது 330 மில்லிமீற்றர் நீளமுடையன. அவற்றை மேற்பாதி, கீழ்ப்பாதி என இரு முறை எடுத்தல் வேண்டும். நடுவில் நாலைந்து வரிகள் இரண்டிலும் வருமாறு வைத்தால், விடுபட்டது எதுவுமில்லை என்பது தெளிவாகும். மடித்த உறுதியை வலிந்து விரித்து அழுத்தலாகாது, மடிப்பு கிழிந்துவிடும்.

எடுத்ததைப் பேணல்

மூலப் படத்தை டிஃப் அல்லது பி.என்.ஜி. வடிவிற் சேமித்தல் நன்று. அவற்றில் நுட்பம் குறைவதில்லை. பிறருக்கு அனுப்பும் பிரதியை மட்டும் பி.டி.எஃப். அல்லது ஜேபெக் ஆக்கலாம். கண்ணாடியைத் துடைக்கையில் திரவத்தைத் துணியிற் சிறிது நனைத்தே துடைக்க. கண்ணாடிமேல் நேரே ஊற்றினால் ஓரத்தால் உள்ளே இறங்கும். வேலை முடிந்ததும் ஸ்கேனரைத் துணியால் மூடி, ஈரம் படாத இடத்தில் வைக்க.

ஸ்கேன் செய்த பக்கத்திலுள்ள தமிழை, தேடவும் திருத்தவும் கூடிய எழுத்தாக மாற்றுவதற்கு 'டெஸரக்ட்' என்னும் மென்பொருள் உண்டு. எச்.பி. கொம்பனியில் 1980களில் உருவாகி, 2005இல் எல்லோருக்குமாகத் திறந்துவிடப்பட்ட அது, தமிழையும் வாசிக்கும். தெளிவான அண்மைக்கால அச்சாயின் நன்றாகவே வாசிக்கும். பழைய அச்சில் வரும் ணை, லை, றா, னா முதலியவற்றின் முன்னைய எழுத்துருவங்களிலே தடுமாறும். அவற்றைக் கண்ணால் ஒப்பிட்டுத் திருத்துதல் வேண்டும். நம் முன்னோர் எழுதிய அறபுத் தமிழ் ஏடுகளை அது வாசிக்கும் என எதிர்பார்த்தல் கூடாது. ஆயினும் என்ன? அவற்றைப் படமாகவேனும் காப்பது நம் கடன். வாசிக்க வல்லார் குறைந்து வரும் இக்காலத்தில், ஏடும் அழிந்துவிடின் பின்னர் எவர் முயன்றும் பயனில்லை.

இத்தகைய நூற்காப்புப் பணியை 2005இலிருந்து செய்துவருவது நூலகம் திட்டம். ஈழத்துத் தமிழ் நூல்கள், இதழ்கள் பல்லாயிரத்தை அது இணையத்தில் வைத்துள்ளது. கிழக்கிலங்கை முஸ்லிம் எழுத்தாளரின் ஆக்கங்களும் அவற்றுள் அடங்கும். உங்கள் வீட்டிற் பழைய ஊர்ச் சஞ்சிகையோ, விழா மலரோ இருப்பின், முதலில் அது அங்கே உளதா என்று பார்க்க. இல்லையெனில் அறிவிக்கலாம். பிறர் எழுதிய நூலை உங்கள் விருப்பப்படி வெளியிடலாகாது. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, ஆசிரியர் மறைந்து 70 ஆண்டு வரை பதிப்புரிமை நிலைக்கும். உரியவரின் சம்மதம் பெறுதலே முறை.

இனி, பிரதிகளை எங்கே வைப்பது? கணினியில் ஒன்று, வெளித்தட்டு ஒன்றில் மற்றொன்று. மூன்றாவது, கரையிலிருந்து தொலைவில். சம்மாந்துறையிலோ கண்டியிலோ இருக்கும் உறவினர் வீட்டில் ஒரு பென் டிரைவைக் கொடுத்து வைத்தல் போதும். ஆண்டுக்கொரு முறை அதனைத் திறந்து, படங்கள் சரியாக உளவா என்று பார்த்துப் புதுப்பிக்க. மூன்றும் ஒரே வீட்டில் இருந்தால் அவை மூன்றாக மாட்டா. கடலுக்கு அவை ஒன்றேயாம்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. பாடசாலை விடுமுறையில் இவ்வேலையை நீங்களே ஏற்றுக்கொள்ளலாம். ஒவ்வொரு படத்துக்கும் ஆண்டு, ஊர், பெயர் என்ற ஒழுங்கில் தலைப்பிடுக. '001', '002' என்று மட்டும் இட்டால், இருபது ஆண்டு கழித்து எவருக்கும் விளங்காது. பழைய திருமணப் படத்தில் வரிசையாக நிற்போர் யார், எவர் என்பதைச் சொல்ல, வீட்டில் ஒரு வாப்பாவோ உம்மம்மாவோ இன்னும் இருப்பர். அவரை அருகில் இருத்தி, ஒவ்வொரு முகமாகச் சுட்டிக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஸ்கேனரை இம்மாதம் வாங்க இயலாவிடின் அடுத்த மாதம் வாங்கலாம். அவரிடம் கேட்பதை மட்டும் தள்ளிவையாதீர்கள்.